நாலு ரூபாய்ப் பேனாவும் இரண்டரை மணி நேரமும்

மாதிரித் தேர்வில் பாலாமணி கடைசி மூன்று கேள்விகளைத் தொடவே இல்லை. மூன்றுக்கும் விடை தெரியும். வரி வரியாக மனசுக்குள் வந்து நின்றது. ஆனால் மாதா கோயில் கூடத்துச் சுவர்க் கடிகாரம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. நேரம் முடிந்ததும் ஞானசுந்தரி டீச்சர் வந்து தாளை வாங்கி, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன பாலா, ஒளிச்சேர்க்கை கூடவா தெரியல? போன வாரம் நீதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தே?"

"தெரியும் டீச்சர். கைதான் வரமாட்டேங்குது."

பாலாமணி வலது கையை நீட்டிக் காட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்க மறுத்துக் குச்சிபோல நின்றன. நடுவிரலில் பால் பாயின்ட் பேனாவின் விளிம்பு பதிந்து பள்ளம் விழுந்திருந்தது.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. பாலாமணிக்குப் பதின்மூன்று வயதாகும்போது அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு இலங்கையிலிருந்து கப்பலேறி, சேரங்கோட்டுப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பதினைந்தாவது வயதில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாள். ஏழு வருஷம் கிள்ளினாள். கிள்ளிக் கிள்ளிப் பெருவிரல் கணு வீங்கிப்போய், மழைக்காலத்தில் விண் விண்ணென்று தெறிக்கும். பிறகுதான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா வேலை கிடைத்தது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மூக்குத் துடைப்பது, பால் கொடுப்பது, தொட்டில் ஆட்டுவது. இப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. எட்டாவதைத் தனியாக எழுதித் தேறிவிட்டாள். தோட்டத்துக்குப் பால்வாடி வரப்போகிறது, பத்தாவது தேறியவர்களைத்தான் டீச்சராக எடுப்பார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஞானசுந்தரி டீச்சர் நடத்தும் வகுப்புக்கு இரண்டு மைல் நடந்து வந்தாள். இது எண்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டு மாதம். அக்டோபரில் தேர்வு.

ஞானசுந்தரி தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். எழுத்தெல்லாம் அம்மைத் தழும்புபோலப் புடைத்திருந்தது.

"கண்ணு தெரியாதவங்ககூட இதைத் தடவியே படிச்சிரலாம். எதுக்கு இந்த அழுத்து அழுத்துறே?"

"அழுத்தலேன்னா இது எழுத மாட்டேங்குது டீச்சர். குளிருல மை வெறைச்சுப் போகுது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தாலும் முகத்தில் கவலை போகவில்லை. "முப்பது மார்க்குக் கேள்வியை விட்டுட்டு வந்திருக்கே. இதே மாதிரி அங்கேயும் விட்டா கஷ்டம் பாலா. ஏதாவது வழி பண்ணு" என்றார்.

வழி செவ்வாய்க்கிழமை வந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் தனசிங் பெட்டியோடு வந்து, ஊசி போட்டு முடித்து, பட்டியலை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பதினாலு பிள்ளைக்கும் போட்டாச்சுன்னு எழுதி, கீழே உங்க பேரு."

பாலாமணி தன் பேனாவைத் தேடினாள். அது எந்தத் தொட்டிலுக்குள் போனதோ தெரியவில்லை. தனசிங் தன் சட்டைப் பையிலிருந்த மைப்பேனாவைக் கழற்றி நீட்டினார். பொன்னிற மூடி போட்ட சீனாப் பேனா. அவள் அதை வாங்கி, வழக்கம்போல விரலை இறுக்கித் தாளில் ஊன்றப் போனாள்.

"அம்மாடி, அழுத்தாதீங்க. நிப்பு விரிஞ்சுரும். சும்மா வச்சு இழுங்க, அதுவே ஓடும்."

அவள் சும்மா வைத்தாள். இழுத்தாள். ஓடியது.

பதினாலு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது என்ற வரி முடிந்தது அவளுக்கே தெரியவில்லை. கொழுந்தின் மேல் காலைப் பனித்துளி வழுக்குவதுபோல நிப்பு தாளின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. பேரையும் எழுதினாள். பா, லா, ம, ணி. ணிக்குச் சுழி போடும்போது கை தானாகச் சுழன்றது. கணுவில் வலி இல்லை. அவள் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு வரி எழுதிக்கவா?"

"எழுதுங்களேன்" என்றார் தனசிங், ஒன்றும் புரியாமல்.

பட்டியலின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள்: பச்சை இலைகள் சூரிய ஒளியின் உதவியால் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்த தனசிங், தன் பேனாவை மெல்லக் கையிலிருந்து வாங்கிப் பத்திரமாகப் பையில் செருகிக்கொண்டார்.

"இது என்ன விலை இருக்கும்?"

அவர் சொன்ன விலையைக் கேட்டதும் பாலாமணியின் முகம் தொங்கிவிட்டது. தனசிங்குக்குப் பாவமாக இருந்தது. "இதுதான் வேணும்னு இல்ல. கூடலூர்ல நாலு ரூபாய், அஞ்சு ரூபாய்க்கே மைப்பேனா இருக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் அதுலதான் எழுதுதுங்க. ஆனா கண்ணை மூடிட்டு வாங்கிராதீங்க. பத்துல ஒண்ணு நல்லா எழுதும். எழுதிப் பாத்து வாங்குங்க."

அந்த வாரம் முழுக்கப் பாலாமணி வெறும் ஆள்காட்டி விரலால் காற்றில் எழுதிக்கொண்டே திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் சொல்லிவிட்டு வகுப்புக்கு மட்டம் போட்டாள். புருஷன் மாரிச்சாமியை இழுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் கூடலூருக்குக் கிளம்பினாள். மாரிச்சாமிக்குப் பாக்டரியில் தூள் காயவைக்கும் மெஷினில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவனுக்குத் தூக்கம்.

"ஒரு பேனா வாங்க ரெண்டு ஆளா? நான் டவுனுக்குப் போய்ட்டு வரும்போது வாங்கியாந்திருப்பேனே" என்றான் பஸ்ஸில் கொட்டாவி விட்டுக்கொண்டே.

"நீங்க கையில கெடைச்சத வாங்கியாருவீங்க. எழுதப்போறது நானு."

பஸ் நிலையத்துக்கு மேலே, ஏற்றத்தில், ஆறுக்குட்டியின் கடை இருந்தது. புத்தகம், நோட்டு, சிலேட்டு, குடை, பிளாஸ்டிக் குடம் எல்லாம் ஒன்றாகத் தொங்கும். ஆறுக்குட்டி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மழைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, என்ன வேணுங்க?"

"நாலு ரூபாய் மைப்பேனா. எழுதிப் பாத்துத்தான் வாங்குவேன்."

"தாராளமாப் பாருங்க. எழுதறதுக்கு ஏதுங்க காசு?"

சொன்னவர் அதற்காகப் பிறகு வருந்தியிருப்பார். அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்தார். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று பிளாஸ்டிக் பேனாக்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு மைப் புட்டி, ஒரு தம்ளரில் தண்ணீர், துடைக்க ஒரு துணி, எழுதிப் பார்க்கப் பழைய பில் தாள்கள். பாலாமணி முந்தானையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதல் பேனாவை மையில் தொட்டு ஒளிச்சேர்க்கை வரியை எழுதினாள். தாளைப் பிராண்டியது. தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தாள். இரண்டாவது நன்றாக ஓடியது. ஆனால் வளைவில் எல்லாம் மை விட்டுப்போனது. மூன்றாவது மையை ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது, 'ண'வும் 'ன'வும் ஒரே கட்டியாகிப் போயின. நாலாவதன் நிப்பு கோணலாக இருந்தது. ஐந்தாவது, ஆறாவது. பில் தாள் முழுக்கப் பச்சை இலைகள் சூரிய ஒளியின் உதவியால் உணவு தயாரித்துக்கொண்டே இருந்தன. மாரிச்சாமி எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். போய் இன்னொன்று குடித்துவிட்டு வந்தான்.

"எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று ஆறுக்குட்டி பொறுக்கமாட்டாமல் சொன்னார். "நாளாக நாளாக் கைக்குப் படிஞ்சுருமுங்க."

"எனக்கு நாளில்லைங்க. ஏழு வாரந்தான் இருக்கு. பத்தாவது எழுதுறேன்."

அதைக் கேட்டதும் அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "இதையும் பாத்துருங்க. சரக்கு நேத்துத்தான் வந்துச்சுங்க."

பதினோராவது பேனா மங்கலான பச்சை நிறம். பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. மூடியின் கொக்கி கொஞ்சம் வளைந்திருந்தது. பாலாமணி அதை மையில் தொட்டுத் தாளில் வைத்தாள். வைத்த இடத்தில் சட்டென்று நீலம் பிடித்தது. எழுதினாள். சத்தமே இல்லை. வேகமாக எழுதினாள். விடவில்லை. தாளிலிருந்து கண்ணை எடுத்து மாரிச்சாமியைப் பார்த்தபடியே ஒரு வரி எழுதினாள். அதுவும் தெளிவாக இருந்தது. விரல்களைத் தளர்த்திப் பேனாவைக் கீழே விழுந்துவிடும் அளவுக்குச் சும்மா பிடித்து எழுதினாள். அப்போதுதான் அது இன்னும் அழகாக எழுதியது.

"இதாங்க" என்றாள். "இதே பேனாதான். கவர்ல போட்டுக் குடுக்கிறேன்னு வேற பேனாவ எடுத்துராதீங்க."

பேனாவும் ஒரு புட்டி நீல மையும், மை ஊற்றும் பில்லரும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவள் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள். மாரிச்சாமி தூங்கிப்போனான்.

மறுநாளிலிருந்து எழுதுவதற்கு எது கிடைத்தாலும் அந்தப் பேனாவால்தான். பிள்ளை மடுவத்தின் வருகைப் பதிவேடு, பால் பவுடர் கணக்கு, யார் யாருக்குச் சளி, யார் யாருக்கு வயிற்றுப்போக்கு என்ற குறிப்பு. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், தன் வீட்டுக்கு வந்ததும் மாதிரிக் கேள்வித்தாள். அண்டை வீட்டுப் பெண்கள் ரேஷன் கார்டு மனு எழுதித் தரச் சொல்லி வந்தால் முன்பெல்லாம் விரலைக் காட்டித் தட்டிக் கழிப்பாள். இப்போது "வேற ஏதாச்சும் எழுதணுமா?" என்று அவளே கேட்டாள். மூன்றாம் நாள், மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று மைப்புட்டியைத் திறந்து, தானும் நனைந்து, பக்கத்திலிருந்த நாலு குழந்தைகளின் கன்னத்திலும் பூசிவிட்டது. சாயங்காலம் பிள்ளைகளை வாங்க வந்த தாய்மார்கள் நீலக் கன்னங்களைப் பார்த்துப் பதறி, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாலாமணி அன்றோடு புட்டியை உத்தரத்துக்கு ஏற்றிவிட்டாள்.

ஆனால் அந்தப் பேனாவுக்கு ஒரு கெட்ட குணமும் இருந்தது. வாங்கிய ஆறாம் நாள் காலை, பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று ஒரு சொட்டு மை விழுந்து, அன்றைய தேதியையே மூடிவிட்டது. துடைத்துவிட்டு எழுதினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சொட்டு. மறுநாள் சரியாக எழுதியது. அதற்கடுத்த வாரம் மறுபடியும் அதே கூத்து. விடைத்தாளில் இப்படி விழுந்தால் என்னாகும் என்று மாரிச்சாமியிடம் கேட்டாள்.

"நாலு ரூபாய்ப் பேனா வேற எப்புடி இருக்கும்?" என்றான் மாரிச்சாமி. "தொரைமாரு பேனாவா வாங்குனோம்?"

அவளால் அப்படி விட்டுவிட முடியவில்லை. பதினோரு பேனாவில் பொறுக்கி எடுத்தது. சொட்டு விழுந்த நாட்களையெல்லாம் குறித்து வைக்கத் தொடங்கினாள். எல்லாம் காலை வேளை. எல்லாம் குளிர் நாட்கள். இன்னொன்றையும் கவனித்தாள்: மை நிரப்பிய அன்றோ மறுநாளோ ஒருபோதும் விழவில்லை. பேனா பாதிக்கு மேல் காலியான பிறகுதான் விழுந்தது. மூன்றாவது முறை சொட்டியபோது பேனாவைக் கழற்றி உள்ளே பார்த்தாள். அடியில் கொஞ்சம் மை, மற்றதெல்லாம் காற்று. குழாயைத் தொட்டால் அவள் உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். மடியிலிருந்த குழந்தை நழுவி அழுதது.

ராத்திரி ராத்திரியாக உருப்போட்டிருந்த பாடம். வாயுக்கள் வெப்பத்தால் விரிவடையும். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து கிடக்கிறது. கை பட்டதும் சூடாகிறது, வீங்குகிறது, மையைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. மை நிறைய இருந்தால் காற்றுக்கு இடமேது? புத்தகத்தில் அச்சடித்த ஒரு வரி இந்த நாலு ரூபாய் பிளாஸ்டிக் குழாய்க்குள்ளே குடியிருக்கிறது. அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று வாசலுக்கு வந்தாள். வெளியே மழையில் தேயிலைச் செடிகளைத் தவிர யாரும் இல்லை. சாயங்காலம் மாரிச்சாமி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவனைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள். அவன் பேனாவைக் கையில் வாங்கிப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் காத்திருந்தான். சொட்டு விழுந்தது. அவன் லுங்கியில்தான் விழுந்தது.

"ட்ரையரிலயும் இதே கதைதான்" என்றான் அவன், லுங்கியைப் பார்க்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டு. "சூடு ஏற ஏறக் காத்து வெளியே அடிக்கும். நீ சொன்ன பெறவுதான் புரியுது."

அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் பேனாவைக் கழுத்துவரை நிரப்பினாள். எழுதத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் கையில் பொத்திவைத்திருந்து, ஒரு துணியில் நுனியைத் தொட்டு எடுத்தாள். அதன் பிறகு ஒரு சொட்டுகூட விழவில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, வீட்டிலேயே இரண்டரை மணி நேர முழுத் தேர்வு ஒன்று எழுதிப் பார்த்தாள். மாரிச்சாமிதான் கண்காணிப்பாளர். அலாரம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான். பத்துக்குப் பத்து அறையில் எவ்வளவு நடப்பது? அடுப்பு வரை போவான், திரும்புவான். "யாரும் பேசக் கூடாது" என்று அவ்வப்போது சொன்னான். அவளோ நிமிரவே இல்லை. பக்கங்கள் திரும்பிக்கொண்டே இருந்தன. கடைசிக் கேள்விக்கு அடியில் கோடு இழுத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது அலாரம் அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றான் நம்பாமல்.

"முடிஞ்சிருச்சு."

"கை?"

அவள் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினாள். மடங்கின. இரண்டு பேரும் மிச்சப் பன்னிரண்டு நிமிஷமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அது அடிக்கும் வரைக்கும்.

தேர்வு கூடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. தமிழ் இரண்டு தாளும் நன்றாகப் போயின. ஆங்கிலம் எப்படியோ போனது. கணக்கில் இரண்டு கணக்குகளுக்கு விடை வரவில்லை, மற்றவை வந்தன. அறிவியலை எழுதிவிட்டு வெளியே வந்தபோது சிரித்த முகம் மாறாமல் பஸ் ஏறினாள். கடைசி நாள் வரலாறும் புவியியலும். எழுத நிறைய இருக்கும் தாள் அது.

அன்று காலைதான் பந்தலூர் தாண்டிய வளைவில் பஸ் நின்றது. இராத்திரி மழைக்கு ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, இதை வெட்டி நகர்த்த மத்தியானமாகும் என்றார். பயணிகள் இறங்கி நின்று மரத்தை வேடிக்கை பார்த்தார்கள். சிலர் வெற்றிலை போடத் தொடங்கினார்கள்.

பாலாமணி மரத்தைப் பார்க்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கேயும் ஒரு பஸ் வந்து நின்றிருந்தது, கூடலூரிலிருந்து வந்தது. அதன் கண்டக்டரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். ஏழு வருஷம் மலைச்சரிவில் கூடையோடு ஏறி இறங்கிய கால்கள். ஈரக் கிளைகளுக்கு நடுவே புகுந்து, அடிமரத்தில் ஏறி, அந்தப் பக்கம் குதித்தாள்.

"அண்ணே, பஸ்ஸைத் திருப்புங்க. எனக்குப் பரீட்சை. எங்க பஸ்ஸு ஆளுங்களையும் ஏத்திக்கிட்டுப் போனீங்கன்னா ஒங்களுக்கும் டிக்கெட்டு, எங்களுக்கும் வழி. ஒங்க ஆளுங்க எங்க பஸ்ஸுல போகட்டும்."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர், அவள் வந்த பஸ்ஸின் டிரைவரைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் இரண்டு பஸ் ஜனங்களும் மூட்டை முடிச்சோடு மரத்தைத் தாண்டி இடம் மாறினார்கள். கிழவிகளைக் கைபிடித்து இறக்கிவிட்டார்கள். ஒரு ஆட்டுக்குட்டிகூட மரத்தைத் தாண்டியது.

பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கி ஓடி, தன் அறைக்குள் நுழைந்தபோது தேர்வு தொடங்கி இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. கண்காணிப்புக்கு இருந்த அம்மா மணியைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் பிந்தியிருந்தா உள்ளே விட்டிருக்க முடியாது. போய் உக்காருங்க. மூச்சு வாங்கிக்கோங்க மொதல்ல."

மூச்சு வாங்க ஏது நேரம்? உட்கார்ந்து பதிவு எண்ணை எழுதினாள். தலையிலிருந்து ஒரு துளி மழைத்தண்ணீர் எண்ணின் மேலேயே விழுந்தது. கடைசி இரண்டு இலக்கங்களும் கரைந்து நீலக் குட்டையாக விரிந்தன. அந்த அம்மாவே வந்து தாளைப் பார்த்து, வேறு தாள் கொடுத்தார். பாலாமணி பின்னலை அவிழ்த்து, தலையை முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கைகளைத் தேய்த்துக் காயவைத்தாள். பேனாவைப் பொத்தினாள், துணியில் தொட்டாள், வைத்தாள்.

ஓடியது.

முதல் கேள்வி, இரண்டாவது, மூன்றாவது. அறையில் நாற்பது பேர் இருந்தது அவளுக்கு மறந்துபோனது. தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். ஓட்டுக் கூரையில் அந்தக் காற்றின் மிச்ச மழை தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, அவள் அது எங்கே கிளம்பி, எந்த மலையில் மோதி, எங்கே கொட்டுகிறது என்று இரண்டு பக்கம் எழுதினாள். யோசிக்கும் வேகத்துக்கு எழுத்து வந்தது. அதுவரை அவள் வாழ்க்கையில் யோசனை எப்போதும் முன்னால் போய் நின்று, கை நொண்டிக்கொண்டு வருவதற்காகக் காத்திருக்கும். இன்றைக்கு இரண்டும் சேர்ந்தே ஓடின.

திடீரென்று பேனா வெறும் மேசையில் எழுதியது. தாள் முடிந்துவிட்டது.

பாலாமணி எழுந்து நின்றாள். கூடுதல் தாள் கேட்பவர்களை அவள் முந்தின நாட்களில் பார்த்திருக்கிறாள். யாரோ கெட்டிக்காரப் பிள்ளைகள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அலட்சியமாகக் கேட்பார்கள். அவளும் கையை உயர்த்தினாள்.

"எனக்குக் கூடுதல் தாள் வேணுங்க."

நாற்பது தலைகளும் திரும்பின. இருபத்தைந்து நிமிஷம் பிந்தி, நனைந்த கோழிபோல வந்தவள் கூடுதல் தாள் கேட்கிறாள். அந்த அம்மா புன்சிரிப்போடு ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கடைசி மணிக்கு முந்தின எச்சரிக்கை மணி அடித்தபோது, பாலாமணி தாள்களை அடுக்கி நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியும் மிச்சமில்லை.

தேர்வு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படிக்க ஒன்றுமில்லை, வகுப்பும் இல்லை. சோறாக்கி முடித்த பிறகு கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. பேனாவில் மை இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அங்கம்மா நினைவு வந்தது.

அங்கம்மா அவளுடைய அக்கா. கல்யாணமாகி, புருஷன் வீட்டாருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்து, அட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். பதினோரு வருஷமாகப் பார்க்கவில்லை. பொங்கலுக்கு ஒரு கடிதம் போகும்: நாங்கள் நலம், நீங்கள் நலமா, இப்படிக்கு பாலாமணி. அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதினால் விரல் வலிக்கும். சொல்ல வேண்டியது எல்லாம் விரலுக்குப் பயந்து உள்ளேயே கிடந்தது.

அன்றைக்கு உட்கார்ந்து எழுதினாள். அப்பாவுக்கு எப்படி உடம்புக்கு முடியாமல் போனது, கடைசி நாளில் அவர் யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று எழுதினாள். மாரிச்சாமியைப் பற்றி, அவன் குறட்டையைப் பற்றி எழுதினாள். இந்தத் தேயிலை அந்தத் தேயிலை மாதிரிதான், ஆனால் மழையின் சத்தம் வேறு என்று எழுதினாள். மரம் விழுந்ததையும் பஸ்ஸைத் திருப்பியதையும் எழுதினாள். ஒன்பது பக்கம் வந்தது. தபாலாபீசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஸ்டாம்பு ஒட்டச் சொன்னார்கள்.

தேர்வு முடிவு டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. ஞானசுந்தரி டீச்சர்தான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மடுவத்துக்கே நடந்து வந்தார். பாஸ். பிறகு மதிப்பெண் பட்டியல் வந்தபோது கணக்கில் முப்பத்தெட்டு, வரலாறு புவியியலில் எழுபத்தொன்று. "எழுபத்தொண்ணு" என்று மாரிச்சாமி பாக்டரியில் ஒருவர் விடாமல் சொன்னான். கணக்கைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. பால்வாடிக்கு மனுப் போடும் படிவம் வந்து சேர்ந்தது.

அதே வாரம் அட்டனிலிருந்து கடிதம் வந்தது. அங்கம்மா ஒரே பக்கத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதாளாம். மரத்தைத் தாண்டியதைப் படித்துவிட்டுச் சிரித்தாளாம், லயத்துப் பெண்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாளாம். கடைசியில் எழுதியிருந்தாள்: எல்லாம் சரி, இந்தக் கடுதாசியை யாரிட்ட சொல்லி எழுதினே? ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா? முள்ளு மாதிரி குத்திக் குத்தி இருக்குமே. டீச்சரம்மா யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?

பாலாமணி அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு மாரிச்சாமியின் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தாளை விரித்துப் போட்டு, அன்புள்ள அக்காவுக்கு என்று எழுதத் தொடங்கினாள்.